சடங்குக் கிழமையில் மாணிக்கத்தின் சாப்பாடு

போன கிழமை மட்டக்களப்பிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நேரம் போகாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ குளிர் நாட்டிலுள்ள ஒரு தாடிக்காரர், முதுகில் மஞ்சள் கோடு ஓடும் மெல்லிய பாம்பொன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, முதன்முதலாகப் பாம்பு வளர்ப்பவர்கள் அதற்கு எப்படிச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அதன் தலையை விடப் பெரிய இரையைக் கொடுக்காதீர்கள். தின்றவுடன் தூக்கிக் கொஞ்சாதீர்கள். கண் வெளுத்தால் பயந்துவிடாதீர்கள்; தோல் உரிக்கப்போகிறது, அதுவரை ஒன்றும் தின்னாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பாம்பைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. அந்த மனிதர் செய்ய வேண்டாம் என்று சொன்ன பிழைகள் அத்தனையையும் நான் ஒன்பது வயதில் ஒன்று விடாமல் செய்து முடித்திருந்தேன். அவர் சொல்லாத பிழை ஒன்றையும் செய்திருக்கிறேன். அவருடைய ஊரில் அந்தப் பிழைக்கு வாய்ப்பே இல்லை.

எங்கள் வளவு தேற்றாத்தீவுப் பக்கம், வாவிக்கரையோரம் இருக்கிறது. ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. ஒன்று எங்களுடையது. மற்றது அம்மாவின் அக்கா, என் பெரியம்மாவுடையது. பெரியம்மா கல்யாணம் முடிக்கவில்லை. விறாந்தையில் தையல் மெசினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைகள் தைப்பார். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரின் தோளளவும் இடுப்பளவும் அவருக்கு மனப்பாடம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறு. அது பொதுக்கிணறு என்று அம்மா சொல்வார். ஆனால் எத்தனை மணிக்கு அள்ளலாம், எந்த வாளியால் அள்ளலாம், அள்ளும்போது பேசலாமா கூடாதா என்பதையெல்லாம் பெரியம்மாதான் தீர்மானிப்பார்.

அப்பா வாவியில் மீன் பிடிப்பவர். ஒருநாள் காலையில் தோணியை இழுத்துவிட்டு வலையை உதறியபோது, இறாலோடும் பாசியோடும் ஒரு குட்டிப் பாம்பு சிக்கியிருந்தது. ஒன்றரைச் சாண் இருக்கும். அப்பா இடுப்பில் உடுத்தும் சாரத்தில் இருப்பது போல உடம்பெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. அப்பா கத்தியை எடுத்ததும் நான் கத்தினேன். அவர் பாம்பை வெட்டவில்லை, வலைக் கண்ணைத்தான் வெட்டினார். இரண்டு விரலால் அதன் கழுத்தைப் பிடித்து என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"தண்ணிப்பாம்பு மனே. விசமில்லாத சாமான். கடிச்சாலும் எறும்பு கடிச்ச மாதிரித்தான் இரிக்கும்." மகளையும் மனே என்றுதான் எங்கள் பக்கம் கூப்பிடுவார்கள்.

எறும்புக் கடி என்பதில் கொஞ்சம் பொய் இருந்தது என்பதை அன்று மத்தியானமே தெரிந்துகொண்டேன். ஆனாலும் நான் விடவில்லை. அழுது, சாப்பிட மறுத்து, அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சி, கடைசியில் அனுமதி வாங்கிவிட்டேன். அம்மன் கோயில் சடங்கு முடியும்வரை வைத்திருக்கலாம், அதற்குப் பிறகு வாவியில் விட்டுவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். சடங்குக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. ஒன்பது வயதில் மூன்று கிழமை என்பது ஏறக்குறைய ஒரு வாழ்நாள்.

மாணிக்கம் என்று பெயர் வைத்தவர் அப்பாதான். பாம்பின் தலையில் மாணிக்கம் இருக்குமாம், இதற்கு இன்னும் முளைக்கவில்லையாம். மீனுக்கு ஐஸ் போடும் பழைய ரெஜிபோம் பெட்டி ஒன்றைத் தந்தார். அதில் மணல் போட்டு, உடைந்த சட்டித்துண்டு ஒன்றைக் கவிழ்த்து வீடாக்கி, மாஜரின் டப்பாவில் தண்ணீர் வைத்து, மேலே நுளம்பு வலைத்துண்டைப் போட்டு, சைக்கிள் டியூப்பை வெட்டிய வாரால் சுற்றிக் கட்டினேன். பெட்டியை வைக்க, வாவிப் பக்கம் வலை போடும் கொட்டிலில் இடம் கிடைத்தது. பெரியம்மாவின் விறாந்தையிலிருந்து பார்த்தால் தெரியாத இடம் அது ஒன்றுதான்.

பெரியம்மாவுக்குப் பாம்பென்றால் உயிர் போய்விடும். அந்தச் சொல்லையே வாயில் எடுக்க மாட்டார். பூச்சி என்பார், இல்லாவிட்டால் 'அது' என்பார். அதே நேரம் பாம்பு தெய்வம் என்பதால் அடிக்கவும் விடமாட்டார். கும்பிடுவதும் பயப்படுவதும் அவருக்கு ஒரே வேலை. நான் பாம்பு வளர்க்கிறேன் என்று கேள்விப்பட்டதும் மெசினை நிறுத்திவிட்டு, கால் இரண்டையும் கதிரையின் மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

"பாலக் குடு புள்ள. அது பால்தான் குடிக்கும். ஆனா பொட்டியோட என்ட பக்கம் வந்தியோ, கொல்லுவன்!"

எனக்குக் கிடைத்த முதல் ஆலோசனை அது. பால்மா கரைத்து, சூடு பார்த்து, சீனியும் கொஞ்சம் போட்டுச் சிரட்டையில் வைத்தேன். மாணிக்கம் அதற்குள் இறங்கிச் சுருண்டு படுத்துக்கொண்டது. குளிக்கிறது என்று நினைத்தேன். பின்னேரம் வந்து பார்த்தால் பெட்டி நிறைய எறும்பு. அடுத்த நாள் முட்டை. பச்சை முட்டை பிடிக்காதோ என்று அவித்து, தோல் உரித்து, பிளந்து, உப்பும் தூவி வைத்தேன். பாம்புக்கு மிளகுத்தூள் பிடிக்குமா என்று அம்மாவிடம் கேட்டபோதுதான் விஷயம் அப்பாவின் காதுக்கு எட்டியது. அப்பா தோணியின் விளிம்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு திரளி மீனில் ஒரு துண்டை வெட்டித் தந்தார். அதைப் பெட்டியில் போட்டேன். மாணிக்கம் அதைச் சுற்றிப் போய்ச் சட்டிக்குள் ஒளிந்துகொண்டது.

"அதுட தலை எவ்வளவு, நீ குடுத்த துண்டு எவ்வளவு? உன்ட தலையளவு சோத்துருண்டைய நீ ஒரே வாயில விழுங்குவியா?" என்றார் அப்பா. அடுத்த நாள் வலையின் அடியில் கிடந்த மணலை மீன் குஞ்சுகள், என் சுண்டுவிரலை விடச் சின்னவை, நான்கைந்து பொறுக்கித் தந்தார்.

முதல் மீனைத் தண்ணீர் டப்பாவில் போட்ட கணம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மாணிக்கம் சட்டியின் வாயிலிருந்து தலையை நீட்டியது. நாக்கு இரண்டு தடவை வெளியே வந்து போனது. பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, கண் சிமிட்டிவிட்டேன். மீனின் வால் மட்டும் வாய்க்கு வெளியே தெரிந்தது. அதுவும் மெல்ல மெல்ல உள்ளே போனது. என் கையால் ஓர் உயிர் தின்கிறது என்ற சந்தோசத்தில் நான் கொட்டிலுக்குள் துள்ளிக் குதித்தேன். அந்தச் சந்தோசத்திலேயே மிச்ச நான்கையும் கொடுத்தேன். அம்மாவின் அரிவட்டிக் கூடையில் கிடந்த கூனி இறாலிலும் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தேன். பிறகு தூக்கிக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சினேன். மாணிக்கம் தின்ற அத்தனையையும் என் பள்ளிக்கூடச் சட்டையில் கக்கியது. அந்தச் சட்டை பெரியம்மா தைத்தது. எங்கே அந்தக் கறை வந்தது என்று அவர் கேட்டதற்கு, சோற்றுக்கு ஊற்றிய ஆணம் சிந்திவிட்டது என்று சொன்னேன்.

இப்படி மூன்று கிழமையில் நான் ஓரளவு தேறிவிட்டேன். மூன்று நாளைக்கொருமுறை இரண்டு மீன். தின்றபின் தொடக் கூடாது. தண்ணீர் தினமும் மாற்ற வேண்டும். மாணிக்கம் என் காலடிச் சத்தத்துக்குத் தலை நீட்டத் தொடங்கியது. என் மேல் பிரியம் என்று நினைத்தேன். இன்றும் அப்படியே நினைத்துக்கொள்கிறேன்.

அப்போதுதான் அம்மன் கோயிலில் கதவு திறந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்தால், ஏழாம் நாள் அம்மனைத் தண்ணீரால் குளிரவைக்கும் குளிர்த்தி நடக்கும்வரை ஊருக்குள் மீன் கிடையாது. மீன் சமைக்கிற சட்டிகளும் வெட்டுகிற கத்தியும் சாக்கில் கட்டப்பட்டு வேலியோரம் போய்விடும். வீடு கழுவி, புதுச்சட்டி வாங்கி, மரக்கறி மட்டும்தான். மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும் மீன்காரர் அந்த நாட்களில் பிரதான வீதியோடு போய்விடுவார், எங்கள் ஒழுங்கைக்குள் திரும்ப மாட்டார். அப்பாவின் வலை உலர்ந்து கிடக்கும். அப்பாவுக்கு அந்த ஏழு நாளும் வாவி தூரத்துச் சொந்தக்காரர் போல, கண்டால் தலையாட்டுவதோடு சரி.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் எங்கள் வளவில் காவல் பெரியம்மா. வயசுப் பெண்ணாக இருந்தபோது அவருக்குக் கண்ணில் ஏதோ வருத்தம் வந்து, இரண்டு மாதம் ஒன்றுமே தெரியாமல் கிடந்தாராம். குளிர்த்தித் தண்ணீரைக் கண்ணில் தெளித்த பிறகுதான் வெளிச்சம் தெரிந்ததாம். அன்றிலிருந்து ஒரு வருடமும் அவர் குளிர்த்தியைத் தவறவிட்டதில்லை. கண் இருந்தால்தானே தையல் என்பார். கோயில் வைத்த சட்டம் போதாதென்று தன் பங்குக்கும் சிலது சேர்த்திருந்தார். சடங்கு நாளில் மீனைத் தொட்டவர் எத்தனை தரம் தலை முழுகினாலும் அந்த வருடம் கோயில் எல்லைக்குள் காலடி வைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. முந்தின வருடம் அப்பா பொழுது போகாமல் பழைய வலையொன்றை எடுத்துக் கிழிசலைப் பொத்தியிருக்கிறார். வலைக் கண்ணில் காய்ந்துபோன ஒரு மீன் செதில் இருந்தது. அவ்வளவுதான். குளிர்த்தி அன்று கோயில் வேலிக்கு வெளியே, பூவரச மரத்தடியில் அப்பாவை நிறுத்திவிட்டார். மேளம் முடியும்வரை அப்பா அங்கேயே நின்று கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தார்.

மாணிக்கத்தின் சாப்பாட்டு நாள் கதவு திறந்ததற்கு மறுநாள் வந்தது. அப்பாவிடம் போனேன். ஏழு நாள்தானே, பாம்பு பசி தாங்கும் என்றார். பாம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஆனால் பசியைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது. பத்து மணி இடைவேளைக்குப் பணிஸ் கிடைக்காவிட்டால் எனக்குத் தலை சுற்றும். ஏழு நாள் என்றால் மாணிக்கம் செத்துவிடும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அதற்கு நான்தான் சோறு போடுகிறவள். வேறு யாரிடம் அது கேட்கும்?

நான்காம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. டெங்கு நுளம்புக்காகச் சுகாதாரக்காரர்கள் வந்து எங்கள் கிணற்றில் கப்பி மீன் விட்டிருந்தார்கள். அது கறி மீன் இல்லை, அரசாங்க மீன். அதற்குச் சடங்குச் சட்டம் பொருந்தாது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பெரியம்மா கோயிலுக்கு நெல் குற்றப் போன நேரம் பார்த்து, அவருடைய வாளியைக் கிணற்றில் இறக்கி, வந்த கப்பிகளை அம்மாவின் தேத்தண்ணி வடியால் கை படாமல் அள்ளினேன். ஐந்து அகப்பட்டன. வடியை உதறித் திரும்ப அதே ஆணியில் மாட்டினேன். அந்தச் சடங்கில் எங்கள் வீட்டார் குடித்த தேத்தண்ணிக்கு நான் இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மாணிக்கம் கப்பிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவை டப்பாவுக்குள் ஓடித் திரிந்தன. அது சட்டிக்குள் அசையாமல் கிடந்தது. மறுநாள் காலையில் சட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அதன் இரண்டு கண்ணும் வெள்ளையாகியிருந்தன. வெள்ளை என்றால் முழு வெள்ளை இல்லை, பால் கலந்த நீலம். கறுப்பு மணி போல மினுங்கிய கண்கள். கையை முன்னால் ஆட்டினேன். தலை திரும்பவில்லை.

அம்மன் கண் கொடுக்கிறவள் என்றால் கண்ணைப் பறிக்கவும் தெரிந்தவள்தானே. சடங்கு நாளில், நெல் குற்றப் போனவரின் வாளியில் நான் மீன் பிடித்தேன். தண்டனை எனக்கு வரவில்லை, வாய் பேசாத மாணிக்கத்துக்கு வந்துவிட்டது. கப்பிகளை ஓடிப்போய்க் கிணற்றில் திரும்ப விட்டேன். பிறகு ஒரு முடிவு எடுத்தேன். மாணிக்கம் தின்னும்வரை நானும் தின்ன மாட்டேன்.

அம்மா முதலில் கெஞ்சினார், பிறகு ஏசினார், பிறகு அகப்பைக் காம்பைக் காட்டினார். எனக்குப் பிடித்த பூசணிக்காய்ப் பால்கறி வைத்தார். நான் வெறும் தேத்தண்ணி மட்டும் குடித்தேன். என்ன காரணம் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிணற்றுக் கதையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் போனது. இரண்டாம் நாள் பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் விழுந்துவிட்டேன். ரீச்சர் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். பெரியம்மா தன் விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். கையில் இருந்த ஊசியைக் குத்த இடம் தெரியாமல் தன் சட்டைத் தோளிலேயே குத்தி வைத்ததைக் கண்டேன்.

அன்று பின்னேரம் ஒரு வழி செய்தேன். கண் வருத்தக்காரர் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கு எங்கே போவேன்? பால்மாப் பைக்கற்றின் உள்பக்கம் வெள்ளியாகத்தானே மினுங்கும். கழுவித் துடைத்து, பெரியம்மாவின் கத்தரிக்கோலால் இரண்டு கண் வெட்டினேன். அம்மாவின் மையால் நடுவில் மணியும் வைத்தேன். வெட்டி முடித்தபோது அது மீன் போல இருந்தது எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பெரியம்மாவின் சாமியறையில் அதை வைத்துக் கும்பிட்டேன். விறாந்தையில் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டதால், என் குரல் வெளியே கேட்காது என்று நினைத்து எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னேன். கிணறு, வாளி, தேத்தண்ணி வடி, கப்பி, வெள்ளைக் கண், எல்லாம். மாணிக்கம் ஒரு மீனாவது தின்றால்தான் நான் சோறு தின்பேன், அது செத்தால் நானும் செத்துவிடுவேன் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் மெசின் சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். பெரியம்மா தையலைப் பார்த்துக் குனிந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மெசின் திரும்பவும் ஓடியது. நல்லவேளை, கேட்கவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் குளிர்த்தி. விடிந்தும் விடியாமலும் எழும்பிக் கொட்டிலுக்குப் போனேன். போகிற வழியில் பெரியம்மா வாவிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். சேலைக் கரையெல்லாம் நனைந்து சேறு. கோயிலுக்குப் பூப் பறிக்கப் போனேன் என்று நான் கேட்காமலே சொன்னார். கையில் இருந்த கூடையில் பூ ஒன்றும் இல்லை. நேரே கிணற்றடிக்குப் போய், உடுத்த சேலையோடு வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். நான் அதை நின்று பார்க்கவில்லை.

பெட்டியைப் பார்த்ததும் எனக்கு ஏதோ வித்தியாசம் தெரிந்தது. நுளம்பு வலைத்துண்டை நான் எப்போதும் கசக்கிப் போட்டுத்தான் கட்டுவேன். அன்று அது சுருக்கமே இல்லாமல், ஓரம் மடித்து, நேராகக் கட்டப்பட்டிருந்தது. அவிழ்த்தேன். சட்டித்துண்டின் ஓரத்தில், உள்ளே உயிரில்லாத இன்னொரு மாணிக்கம் கிடந்தது. தொட்டால் சரசரவென்றது. வெறும் தோல். கண் இருந்த இடத்தில்கூடச் சின்னதாய் இரண்டு வட்டம், ஊடாகப் பார்க்கலாம். என் மாணிக்கம் அதற்குப் பக்கத்தில் புதுச்சட்டை போட்டது போல மினுமினுவென்று கிடந்தது. கண் இரண்டும் கறுகறுவென்று என்னையே பார்த்தன. வயிற்றில், நடுவில் ஒன்றும் சற்றுக் கீழே ஒன்றுமாக, இரண்டு புடைப்பு. தின்றிருக்கிறது!

பெட்டிக்குள் மீன் வைத்தது நான் இல்லை. அப்பா இன்னும் பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் நின்றார். அப்படியென்றால் வேறு யார்? பெட்டிக்குப் பக்கத்தில் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்று கிடந்தது. அதன் நுனியில் ஒரு முழம் வெள்ளை நூல். நூலின் மறுநுனியில் வெறும் சுருக்கு. தெய்வ காரியத்தில் ஈர்க்குக்கு என்ன வேலை என்று அதை எறிந்துவிட்டு, நூலை மட்டும் எடுத்து என் வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். அம்மன் தந்த காப்பு. கொஞ்சம் மீன் மணத்தது. மாணிக்கத்துக்கு மீன் கொண்டுவந்த கையல்லவா, மணக்கத்தானே செய்யும்.

பெரியம்மா தலையைத் துவட்டிக்கொண்டு விறாந்தையில் நின்றார். ஓடிப்போய்க் கையைக் காட்டினேன்.

"என்ன நூல் புள்ள அது?"

"அம்மன் தந்த பெரியம்மா. மாணிக்கத்துக்குக் கண் வந்திட்டு. மீனும் திண்டிட்டு!"

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு மெசினில் கோத்துக் கிடந்த நூற்கட்டையைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போய்ச் சோத்தத் தின்னு மனே. முதல்ல கையக் கழுவு."

அன்று நான் மூன்று தரம் சோறு வாங்கித் தின்றேன். அம்மா பார்த்துப் பார்த்துப் போட்டார்.

எங்கள் கோயிலில் குளிர்த்தி பின்னேரம். எல்லோரும் வெள்ளையும் மஞ்சளுமாய் உடுத்துப் புறப்பட்டோம். என் கைக்குள் பால்மாப் பைக்கற்றுக் கண் இரண்டும் இருந்தன. கோயில் வேலியை நெருங்கியதும், ஒவ்வொரு வருடமும் எல்லோரையும் முந்திக்கொண்டு உள்ளே போகும் பெரியம்மா, பூவரச மரத்தடியில் நின்றுவிட்டார்.

"முழங்கால் குத்துது. நீங்க போங்க. நான் இதுல நிக்கிறன்."

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். ஒரு வருடமும் விடாத நீயா என்று கேட்கத் தொடங்கியவர், பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். அப்பா மட்டும் மரத்தடியில் கொஞ்ச நேரம் பெரியம்மாவோடு நின்றார். போன வருடம் தான் நின்ற வேரைக் காட்டி, "இதுல நிண்டா மேளம் நல்லாக் கேக்கும் மச்சாள்" என்றார். தன் சட்டைப்பையிலிருந்து கச்சான் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். பெரியம்மா ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை.

கூட்டத்துக்குள் புகுந்து என் கண்மலரைத் தட்டில் போட்டேன். அங்கே வெள்ளியில் கிடந்த கண்களோடு அதுவும் நன்றாகத்தான் மினுங்கியது. பூசை செய்யும் கட்டாடியார் வேப்பிலையால் தெளித்த தண்ணீர் என் தலையெல்லாம் விழுந்தது. அம்மா கொண்டுவந்த சின்னப் போத்தலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் மரத்தடிக்கு ஓடினேன். பெரியம்மாவுக்குக் கண்ணில் தெளிக்க அது வேண்டுமே. போத்தலை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு வேணாம். கொண்டு போய் அதுக்குத் தெளி. கண் வருத்தம் வந்தது அதுக்குத்தானே."

அப்படியே செய்தேன். மறுநாள் காலையில் ஒப்பந்தப்படி மாணிக்கத்தை வாவியில் விட்டோம். அப்பா தோணியில் கொஞ்ச தூரம் கொண்டுபோய் என் கையாலேயே விடச் சொன்னார். கரையோரக் கண்ணா மரப் பற்றைக்குள் நெளிந்து போய்விட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. நான் அழுதேன், பிறகு மத்தியானம் ஏழு நாளைக்குப் பின் வந்த மீன் ஆணத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டேன்.

அம்மன் தந்த காப்பு மழைக்காலம்வரை என் கையில் கிடந்து, அழுக்கேறி, தானாக அறுந்தது. பஸ்ஸில் அந்தத் தாடிக்காரர் கண் வெளுப்பதற்குக் காரணம் சொல்லி முடித்தபோது, மாணிக்கத்தின் கண் யாராலும் போகவும் இல்லை, யாராலும் வரவும் இல்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் தோலுரித்த பாம்பின் வயிற்றுக்குள் மீன் தானாக வராது. அதற்கு அவர் விளக்கம் சொல்லவில்லை, எனக்குத் தேவைப்படவும் இல்லை. பாம்பு என்ற சொல்லைக் கேட்டாலே காலைத் தூக்கிக் கதிரையில் வைக்கிற ஒருவர், குளிர்த்தி நாள் விடியலில் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிச் சேலைத் தலைப்பால் மீன் குஞ்சு பிடித்து, அதை நூலில் கட்டி, நூலை ஈர்க்கில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் நீட்டியதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதுவும் ஒன்றோடு விடவில்லை, இரண்டு.

வீட்டுக்கு வந்ததும் நேரே அவர் விறாந்தைக்குத்தான் போனேன். இப்போதும் கண்ணாடி போடாமல் ஊசி கோக்கிறார். அந்த ஒரு வருடம் தவறியதால் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாணிக்கத்துக்கு அன்று மீன் கொடுத்தது யார் என்று கேட்டேன். எந்த மாணிக்கம், உனக்கு வேறு வேலை இல்லையா என்று ஏசிவிட்டு, என் சட்டைக் கை தொளதொளவென்று இருக்கிறது, கழட்டித் தா என்றார்.

ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அந்தக் குளிர்த்தி நாள்தான். சடங்கு முடிந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முழங்கால் குத்துகிறது என்று கோயிலுக்குள் வராமல் நின்ற பெரியம்மா, கச்சான் கோதை வீதியோரம் உதிர்த்தபடி எங்கள் எல்லோருக்கும் முன்னால் நடந்துகொண்டிருந்தார். போத்தல் தண்ணீர் சிந்தாமல் அவரைப் பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது. இவ்வளவு வேகமாக நடக்கிறவருக்குக் கால் வலி எப்படி இவ்வளவு கெதியாகச் சுகமானது என்று யோசித்தேன். அதுவும் அம்மன் செயல்தான் என்று முடிவு செய்துகொண்டு, அவர் கையைப் பிடித்தேன்.